வித்தியாசம் இல்லை

பிரிக்ஃபீல்ட்ஸ்,
18 ஆகஸ்ட் 2025

சுகு,

ஒரு மனுஷன் இத்தனை நாள் போனை எடுக்காமல் பிடிவாதம் பிடிக்க முடியும் என்று எனக்குத் தெரியாது. வாட்ஸ்அப்பிலும் ஒரு டிக்தான் விழுகிறது. பிளாக் பண்ணியிருக்கிறாய். சரி, தபால்காரரை உன்னால் பிளாக் பண்ண முடியாது. படிக்காமல் கிழித்துப் போட்டால் உன் அம்மாவுக்கு அடுத்த கடிதம் வரும், ஜாக்கிரதை.

பெட்டாலிங் ஜெயா மண்டபத்தில் நடந்ததை மனசுக்குள் ஓட்டி ஓட்டிப் பார்க்கிறேன். தைப்பூச விரதம் இருந்த சர்க்கரை நோயாளிகள் முப்பது பேர், விரதம் இல்லாதவர்கள் முப்பது பேர். கிள்ளானில் வீடு வீடாக ஏறி இறங்கி இரண்டு குழுவையும் திரட்டிக் கொடுத்தது நீ. முடிவை அவர்களிடம்தான் முதலில் சொல்லவேண்டும் என்று அடம்பிடித்து, பஸ் வைத்து அழைத்து வந்தது நான். ‘இரு குழுக்களுக்கும் இடையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை’ என்று திரையில் போட்டேன். விரதக் குழுவில் இருந்த உன் சபாபதி மாமா எழுந்து போனார். அவர் பின்னாலேயே நீயும் போனாய், பாதிப் பேரும் போனார்கள். உங்களுக்காகச் சொல்லி வைத்திருந்த பிரியாணி பாதி மிஞ்சிப்போனது.

நான் சொன்னது என்ன என்று உட்கார்ந்து கேட்டிருந்தால் இந்தக் கடிதமே தேவையில்லை. ஆய்வு செய்கிறவர்கள் ஊசியைக் கையில் எடுக்கும் முன்பே இரண்டு வாக்கியம் எழுதி வைக்கவேண்டும். விரதத்தால் சர்க்கரை அளவில் எந்த வித்தியாசமும் இல்லை. இது இன்மைக் கருதுகோள். விரதத்தால் குறைகிறது, இது மாற்றுக் கருதுகோள். மனசு எதற்கு ஆசைப்பட்டாலும் முதலாவதில்தான் தொடங்கவேண்டும். அதைத் தள்ளிவிடும் அளவுக்குப் பலமான ஆதாரம் கிடைத்தால் தள்ளுவோம். கிடைக்காவிட்டால், தள்ள முடியவில்லை என்போம். அவ்வளவுதான் சுகு. விரதத்தால் பயனில்லை என்று நான் நிரூபிக்கவில்லை. அப்படிச் சொல்லவும் இல்லை.

நான் ஆசைப்பட்டது இரண்டாவது வாக்கியத்துக்குத்தான். மூன்று வருஷ உழைப்பு அப்படிப் போனதில் எனக்கு மட்டும் கொண்டாட்டமா? அன்று மண்டபத்தில் நாற்காலிகளை மடக்கும்போது நான் தேடியது உன்னைத்தான்.

போனை எடு.

ஜெயமாலா


கிள்ளான்,
27 ஆகஸ்ட் 2025

ஜெயா,

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. கடைசியாக எழுதியது எஸ்.பி.எம். பரீட்சையில், பள்ளித் தலைமையாசிரியருக்கு, கழிப்பறை சரியில்லை என்று. ஆனாலும் போனில் பேச மாட்டேன். போனில் நான் ஒன்று சொல்ல ஆரம்பித்தால் நீ மூன்று காரணம் சொல்லி முடித்துவிடுவாய். இங்கேயாவது நான் முழுசாகச் சொல்லிக்கொள்கிறேன்.

நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன். புரிகிறது. நான் போர்ட் கிள்ளானில் கன்டெய்னர் கணக்கு பார்க்கிறவன், கூமுட்டை இல்லை. ஆனால் அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போது மாமா என்ன சொன்னார் தெரியுமா? “படிச்ச பொண்ணு நம்ம எல்லாரையும் உக்கார வச்சி, நீங்க சும்மாதான் பட்டினி கெடந்தீங்கன்னு படம் போட்டு காட்டிருச்சுலா.” முன் சீட்டில் இருந்தவர்களும் தலையாட்டினார்கள்.

அம்மாவின் சர்க்கரைக்காக நான் காவடி எடுக்க ஆரம்பித்து ஆறு வருஷம் ஆகிறது. அது உனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டார்: “அப்போ நீ எனக்காக இருந்ததெல்லாம் வேஸ்ட்டாடா?” அதற்கு நான் என்ன சொல்ல? இன்மைக் கருதுகோளைத் தள்ள முடியவில்லை அம்மா என்றா?

விடியற்காலையில் உன்னைக் காரில் ஏற்றிக்கொண்டு காப்பார், மேரு என்று சுற்றினேனே, ஒவ்வொரு வீட்டிலும் விரலில் குத்தி நீ சொட்டு இரத்தம் எடுத்தாயே, அந்த நாட்களுக்காகவே நான் உனக்கு ஆள் பிடித்துக் கொடுத்தேன். ஆய்வுக்காக இல்லை. நீ பக்கத்து சீட்டில் தூங்கிக்கொண்டு வருவாய். அந்த நேரத்துக்காகத்தான்.

இன்னொன்று. உன் அப்பாவிடம் வந்து பேசட்டுமா என்று ஏப்ரலில் கேட்டேன். “எனக்கு இன்னும் ஷுவரா தெரியல சுகு, டைம் குடு” என்றாய். நமக்குள் ஒன்றுமில்லை என்றுதான் நீ ஆரம்பித்திருக்கிறாய். அதைத் தள்ளிவிடும் அளவுக்கு நான் ஆதாரம் கொண்டு வரவேண்டும். நான்கு வருஷமாகக் கொண்டு வந்து கொட்டியது போதவில்லை.

கம்பெனியில் கூச்சிங் கிளைக்கு ஆள் கேட்கிறார்கள். மூன்று வருஷம். நான் போகலாம் என்று இருக்கிறேன்.

சுகுமாறன்


பிரிக்ஃபீல்ட்ஸ்,
6 செப்டம்பர் 2025

சுகு,

கூச்சிங்கைக் கடைசி வரியில் சொருகியிருக்கிறாய். காய்கறி லிஸ்ட்டில் உப்பு எழுத மறந்து அடியில் எழுதுவது மாதிரி. கடல் தாண்டிப் போகிற விஷயம் அது. உன்னை என்ன செய்தால் தகும் என்று தெரியவில்லை.

முதலில் அம்மாவிடம் இதைச் சொல். ஞாயிற்றுக்கிழமை தஞ்சோங் ஹராப்பானில் தூண்டில் போட்டு வெறுங்கையோடு வருகிறாயே, கடலில் மீனே இல்லை என்றா வீட்டில் சொல்கிறாய்? இன்றைக்கு மாட்டவில்லை என்பாய். தூண்டில் சரியில்லை, இரை சரியில்லை, இடம் சரியில்லை என்று ஆயிரம் சொல்வாய். நானும் அதைத்தான் சொன்னேன். இன்றைக்கு மாட்டவில்லை.

இப்போது உன் இரண்டாவது குற்றச்சாட்டு. இதை நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

எங்கள் வேலையில் இரண்டு விதமாகத் தப்பு செய்யலாம். இல்லாததை இருக்கிறது என்று சொல்லிவிடலாம். அல்லது இருப்பதை இல்லை என்று விட்டுவிடலாம். முதல் தப்புக்குத்தான் எங்களைப் பயப்படப் பழக்குகிறார்கள். நூற்றுக்கு ஐந்து தடவைக்கு மேல் அதைச் செய்யக்கூடாது என்று கோடு போட்டுக்கொண்டுதான் உட்காருகிறோம். நான் அந்தப் பயத்தை வீட்டுக்கும் எடுத்து வந்துவிட்டேன் போலிருக்கிறது. என் அக்கா ஷுவராகத்தான் கல்யாணம் செய்தாள். இரண்டே வருஷத்தில் பெட்டியோடு திரும்பி வந்தாள். எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு யாரும் யாரோடும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவதுகூட இல்லை. அப்பா அவர் பாட்டுக்குச் சாப்பிடுவார், அக்கா அவள் அறையில், நான் வெளியில்.

போகாதே என்று சொல்ல எனக்கு ஆசையாக இருக்கிறது. அதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. சொல்லிவிட்டு, நீயும் தங்கிவிட்டு, பிறகு என்னால் முடியாமல் போனால்?

உன் நினைப்பாகவே இருக்கிறது. அது மட்டும் ஷுவராகத் தெரியும்.

ஜெயா


கிள்ளான்,
21 செப்டம்பர் 2025

ஜெயா,

மீன் கதையை அம்மாவிடம் சொன்னேன். “அப்போ அந்தப் பொண்ணுக்குத் தூண்டில் போட தெரியலன்னு சொல்லு” என்றார். உன்மேல் கோபம் குறைந்துவிட்டது என்று அர்த்தம்.

எனக்குக் குறையவில்லை. நீ நான்கு பக்கம் எழுதியிருக்கிறாய். அதில் ஆமாவும் இல்லை, இல்லை என்பதும் இல்லை. உரிமை இருக்கிறதா என்று என்னையே கேட்கிறாய். யார் கொடுக்கவேண்டும் அதை? அப்ளிகேஷன் ஏதாவது இருக்கிறதா?

நேற்று வேலை விட்டு ரயில் ஏறி கேஎல் சென்ட்ரலில் இறங்கினேன். எதற்கு என்று எனக்கே தெரியாது. துன் சம்பந்தன் சாலையில் உன் வீட்டுத் திருப்பம் வரைக்கும் நடந்தேன். பூக்கடைக்காரம்மா, “என்ன தம்பி, ரொம்ப நாளா ஆளையே காணோம்?” என்று கேட்டார். ஒரு முழம் மல்லிகை வாங்கினேன். உன் வீட்டு மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. அந்தப் பச்சைச் சுடிதார். அப்படியே திரும்பி வந்து பூவை அம்மா கையில் கொடுத்துவிட்டேன்.

கூச்சிங்குக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். டிசம்பர் முதல் தேதி அங்கே இருக்கவேண்டும். நமக்குள் ஒன்றுமில்லை என்பதை நான் ஏற்றுக்கொண்டேன். உன் படிப்பின்படியும் அதுதானே முடிவு.

சுகு


பிரிக்ஃபீல்ட்ஸ்,
12 அக்டோபர் 2025

சுகு,

இதைப் படிக்கும்போது உட்கார்ந்துகொள். நான் எழுதும்போது நிற்கிறேன், உட்கார முடியவில்லை.

நேற்று கிள்ளானுக்கு வந்திருந்தேன். உன்னைப் பார்க்க இல்லை, பயப்படாதே. மண்டபத்திலிருந்து மனசு கசந்து போனவர்களை ஒவ்வொருவராகப் பார்த்து மன்னிப்புக் கேட்கலாம் என்று ஆரம்பித்தேன். முதல் வீடு உன் நண்பர் லோகன் வீடு. அவர் விரதக் குழுவில். அவர் மனைவி புஷ்பவல்லி அக்கா விரதம் இல்லாத குழுவில். அக்கா என்னைச் சாப்பிடாமல் விடவில்லை. நண்டுக் குழம்பு. சாப்பிட்டுக்கொண்டே, அந்த நாட்களிலும் இப்படித்தான் நண்டு, கோழியெல்லாம் சாப்பிட்டிருப்பீர்கள், அதனால்தான் நீங்கள் எனக்கு ஒப்பிட்டுப் பார்க்கும் ஆளாக வந்தீர்கள் என்று பேச்சுவாக்கில் சொன்னேன்.

அக்கா கையில் இருந்த கரண்டியோடு என்னைப் பார்த்தார். “என்னம்மா சொல்றீங்க? வீட்ல ஒருத்தர் வெரதம் எடுத்திருக்கும்போது நான் எப்படி மீன், மச்சம்னு சமைப்பேன்?”

“நீங்க விரதம் இல்லைன்னுதானே அக்கா சொன்னீங்க?”

“ஆமா, நான் இல்லதான். அவருதான் வெரதம். அதுக்காக அந்தச் சட்டியில மீன் வறுக்க முடியுமா? அவருக்கு ஒரு வேளைதான் சோறு. எனக்கு மட்டும்னு ராத்திரிக்கு இன்னொருக்கா அடுப்பு பத்த வைக்கணுமாக்கும். நானும் ஒரு டம்ளர் பால குடிச்சிட்டுப் படுத்துருவேன்.”

தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். அங்கிருந்து ஆறு வீட்டுக்குப் போனேன். எல்லா வீட்டிலும் இதே கதை. ஒரு வீட்டில் முட்டையைக்கூட ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டார்களாம்.

புரிகிறதா உனக்கு? நீ திரட்டிக் கொடுத்த ஒப்பீட்டுக் குழு முழுக்க மனைவி, தங்கை, அம்மா. விரதம் இருக்கிறவர் வீட்டிலேயே இன்னொரு ஆள். சௌகரியமாக இருந்தது, ஒரே நடையில் இரண்டு பேருக்கும் குத்தி எடுத்தோம். என் படிவத்தில், ‘நீங்கள் விரதமா?’ என்று கேட்டேன். இல்லை என்றார்கள். பொய் இல்லை. ஆனால் விரதம் இருந்தவர்களையும், விரதம் இருந்தவர்களோடு சேர்ந்து இருந்தவர்களையும் ஒப்பிட்டுவிட்டு, வித்தியாசம் இல்லை என்று திரையில் போட்டிருக்கிறேன். இரண்டு பக்கமும் சர்க்கரை இறங்கித்தான் இருந்தது சுகு. பருவ மாற்றம், மாத்திரையை ஒழுங்காகப் போட்டிருப்பார்கள் என்று ஏதேதோ எழுதி வைத்திருந்தேன்.

உன்மேல் கோபம் வந்தது. ஏன் சொல்லவில்லை என்று. பிறகு யோசித்தேன். இதை யார் சொல்வார்கள்? உனக்கு அது வீடு என்றால் அப்படித்தான் இருக்கும். எனக்குத்தான் தெரியவில்லை. எங்கள் வீட்டில் ஒருத்தர் உபவாசம் இருந்தால் மற்றவர் ஆட்டுக்கறி சாப்பிடுவார், கதவைச் சாத்திக்கொண்டு. நீ விரதம் இருந்தபோது உன் எதிரில் உட்கார்ந்து நான் கோழிச் சோறு சாப்பிட்டேன். நீ தேநீர் மட்டும் குடித்துக்கொண்டிருந்தாய். ஒரு வார்த்தை சொல்லவில்லை நீ.

மாமாவிடம் இதையும் சொல்: விரதம் வேலை செய்கிறது என்று இதனால் ஆகிவிடாது. என் சோதனைக்குப் பார்க்கக் கண் இல்லை என்று மட்டும்தான் தெரிகிறது. என் ஆய்வை மேற்பார்க்கும் டாக்டரிடம் பேசிவிட்டேன். வரும் தைப்பூசத்துக்கு மறுபடி செய்யப்போகிறேன். இன்னொரு வருஷம் போகும். போகட்டும்.

நீ போன கடிதத்தில், ஏற்றுக்கொண்டேன் என்று எழுதியிருந்தாய். இன்மைக் கருதுகோளை யாரும் ஏற்றுக்கொள்வதில்லை. முதல் கடிதத்திலேயே சொன்னேன், நீதான் கேட்கவில்லை. நமக்குள் ஒன்றுமில்லை என்று நீ எடுத்த முடிவும் என் ஆய்வு மாதிரிதான். என்னை வெளி ஆளாக, தப்பான குழுவில் நிறுத்தி வைத்துப் பார்த்திருக்கிறாய்.

போவதற்கு முன்னால் ஒரு தடவை பார்க்கலாமா?

ஜெயா


கிள்ளான்,
27 நவம்பர் 2025

ஜெயா,

பதில் எழுத ஒன்றரை மாசம் ஆகிவிட்டது. தினமும் எழுதினேன், அனுப்பவில்லை.

மாமாவிடம் சொன்னேன். முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் தொடையில் தட்டிச் சிரித்தார். “அப்போ என் பொண்டாட்டி எனக்குத் தெரியாம வெரதம் இருந்திருக்கா!” அத்தையைக் கூப்பிட்டு விசாரித்தார். “தெரியாமலா? நீங்க தட்ட பாத்தீங்க, என்னைய எங்க பாத்தீங்க?” என்று அத்தை ஒரே போடாகப் போட்டார். 

அம்மாவும் எல்லா வருஷமும் என்னோடு சேர்ந்து அப்படித்தான் இருந்திருக்கிறார். நான் அவருக்காக இருக்க, அவர் எனக்காக இருக்க. ஆறு வருஷமாக அம்மா என்ன சாப்பிட்டார் என்று நான் பார்க்கவே இல்லை.

உன் புதிய ஒப்பீட்டுக் குழுவுக்கு விரதம் எடுக்காத வீடுகளாகப் பார்த்துப் பெயர் எழுதி லோகனிடம் கொடுத்திருக்கிறேன். பந்திங்கில் சிலர், ரவாங்கில் சிலர். கார் ஓட்டவும் அவன் வருவான். நீ தூங்கிவிட்டால் எழுப்ப மாட்டான், பாட்டைச் சத்தமாக வைப்பான், அவ்வளவுதான்.

பார்க்கலாமா என்று கேட்டாய். வேண்டாம் ஜெயா. பார்த்தால் நான் போகமாட்டேன். நீ போகாதே என்று சொல்லி நான் தங்கினால் அது வேறு. உன் முகத்தைப் பார்த்துவிட்டு நானாகவே தங்கிவிட்டால், பிறகு ஒவ்வொரு நாளும் நீ ஷுவராகிவிட்டாயா என்று உன் வாயையே பார்த்துக்கொண்டிருப்பேன். அது நம் இரண்டு பேருக்கும் நல்லதில்லை.

அங்கேயும் விரதம் எடுப்பேன். டிசம்பர் பதினைந்தில் ஆரம்பம், தைப்பூசம் வரை நாற்பத்தெட்டு நாள். கம்பெனி கொடுக்கிற அறையில் நான் மட்டும்தான் விரதம். கூட இருக்கப்போகிற பையன்கள் எல்லாரும் வேறு சாப்பாடு. முதல் தடவையாக எனக்காக யாரும் சட்டியை மாற்றாத இடத்தில் விரதம் இருக்கப்போகிறேன். அது கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.

கூச்சிங் முகவரி பின்பக்கம்.

சுகு


பிரிக்ஃபீல்ட்ஸ்,
20 டிசம்பர் 2025

சுகு,

நீ போன அன்று நான் ஏர்போர்ட்டுக்கு வரவில்லை. நீ வேண்டாம் என்றதால் இல்லை. ரயிலில் ஏறிப் பாதி வழியில் இறங்கிவிட்டேன். பிறகு பிளாட்பாரத்தில் உட்கார்ந்து அழுதேன். ஒரு மலாய்க்கார அக்கா டிஷ்யூ கொடுத்தார். அவ்வளவுதான் அந்த நாள்.

வேலை நன்றாகப் போகிறது. படிவத்தைத் திருத்திவிட்டேன். ‘நீங்கள் விரதமா?’ என்ற கேள்விக்குக் கீழே, ‘உங்கள் வீட்டில் யாராவது விரதமா?’ என்று இன்னொன்று சேர்த்திருக்கிறேன். வீடுகளுக்கு எடுத்துப் போகும் முன் கேள்விகள் புரிகிறதா என்று ஆய்வகத்தில் ஒருவரை ஒருவர் கேட்டுப் பார்ப்பது வழக்கம். வியாழக்கிழமை வாணி என்னிடம் கேட்டாள். அவள் என்னோடு ஆய்வு செய்கிறவள், உன் பெயர் மட்டும் தெரியும்.

“நீங்க விரதமா?”

“இல்லை.”

“வீட்ல யாராவது விரதமா?”

“ஆமா.”

வாணி நிமிர்ந்தாள். “யாரு? உங்க அப்பாவா? அக்காவா?”

“ரெண்டு பேரும் இல்ல. அவர் கூச்சிங்ல இருக்காரு.”

 அவள் ‘தகுதி இல்லை’ என்ற கட்டத்தில் டிக் போட்டு, “நீ என் ஒப்பீட்டுக் குழுவுக்கு ஆக மாட்ட, போ” என்றாள்.

திங்கட்கிழமையிலிருந்து நம் வீட்டில் மச்சம் இல்லை. நீ ஆரம்பித்த அன்றே. வெளியில் சாப்பிடுவதையும் விட்டுவிட்டேன், நானே சமைக்கிறேன். சாம்பார் பரவாயில்லை. ரசம் வாயில் வைக்க முடியவில்லை. இரவில் பால்தான். பசிக்கிறது சுகு. பசிக்கும்போதெல்லாம் நீ அங்கே பசியோடு இருக்கிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன், பிறகு இன்னும் மோசமாகப் பசிக்கிறது. ஆனாலும் ஓய்வாக இருக்கிறது. முடிவு செய்யவேண்டும், முடிவு செய்யவேண்டும் என்று மனசுக்குள் ஓடிக்கொண்டே இருந்த ஒன்று நின்றுவிட்டது. நான் எதையும் கணக்குப் போடவில்லை. சட்டியை மாற்றினேன், அவ்வளவுதான். நமக்குள் ஒன்றுமில்லை என்ற இடத்திலிருந்து இனி ஆரம்பிக்க மாட்டேன். நீ என் வீட்டு ஆள். இல்லை என்று யார் சொன்னாலும் அவர்கள் ஆதாரம் கொண்டு வரட்டும்.

முதல் இரண்டு நாள் அப்பா ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் சமையலறைக்கு வந்து சட்டிகளைத் திறந்து பார்த்தார். யாழ்ப்பாணத்துக்காரர், அவருக்கு மீன் இல்லாமல் சோறு இறங்காது.

“ஏன் பிள்ளை, மீன் ஒண்டும் இல்லையோ?”

“சுகு விரதம் அப்பா.”

“அந்தக் கிள்ளான் பெடியனோ? அவன் கூச்சிங்குக்குப் போயிட்டான் எண்டு சொன்னனீ?”

“ஓம், அங்கதான் விரதம் இருக்கிறார்.”

 அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்து, அந்தக் கேவலமான ரசத்தை ஊற்றி முழுசாகச் சாப்பிட்டார். சத்தம் கேட்டு அக்காவும் தன் தட்டோடு வந்து உட்கார்ந்தாள். ரசத்தைப் பற்றி மூன்று பேரும் சண்டை போட்டோம்.

கை கழுவிவிட்டு வந்து அப்பா உன் அம்மாவின் போன் நம்பரைக் கேட்டார். உன்னைக் கேட்காமலே கொடுத்துவிட்டேன்.

ஜெயா